ஒரு பவுன் எடையில் ஒரு கயிறு

ஒரு கோலிக்குண்டை எடுத்து முழுப்பலத்தோடு வீசுங்கள். பள்ளி மைதானத்தில் பாதியைத் தாண்டிப் போய் விழும். அதே கையால், அதே பலத்தோடு, அதே அளவுள்ள பஞ்சுருண்டையை வீசுங்கள். கையை விட்டு நாலு அடி போவதற்குள் காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடும். அப்புறம் அது தன் இஷ்டத்துக்கு ஆடி ஆடி இறங்கும். இப்போது புதிர் இதுதான்: அந்தப் பஞ்சை முப்பது அடி தள்ளி வைத்திருக்கும் ஒரு முறத்தில் விழவைக்க வேண்டும். கல், ஈயம், களிமண் எதையும் சேர்த்துக் கட்டக் கூடாது.

விழுப்புரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், லீவு நாள் காலையில், என் ஒன்பது வயது மகளிடமும் பதினொரு வயது அக்கா மகனிடமும் இதைக் கேட்டேன். மகள் டேபிள் ஃபேன் கேட்டாள். பையன் தீபாவளி ராக்கெட் கேட்டான். இரண்டுமே மோசமான யோசனை இல்லை. ஆனால் மலையருவி மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இதற்கு வேறொரு விடையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

வீடூர் அணைக்கரையில் தூண்டில் போடும் எவரையும் பாருங்கள். தங்கூசி நரம்பு, தூண்டில் முள், முள்ளில் மண்புழு அல்லது மாவுருண்டை, அதற்கு மேலே ஓர் ஈயக்குண்டு. நரம்பைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி விடுவார். ஈயம் பறக்கும், நரம்பு அதன் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடும். கனம் முன்னே, கயிறு பின்னே. உலகத்துத் தூண்டில்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

மலை ஓடைகளில் வாழும் டிரவுட் மாதிரியான மீன்களுக்கு நீர்ப்பரப்பில் வந்து விழும் பூச்சிகள் பெரிய தீனி. அங்கே ஈயத்தைப் பொத்தென்று போட்டால் மீன் ஓடிவிடும். அதனால் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரியே ஒன்றைச் செய்கிறார்கள். அதன் எடை ஒரு குன்றிமணிகூட வராது. அதாவது, நம் பஞ்சு. இந்த முறைக்கு ஆங்கிலப் பெயர் ஃப்ளை ஃபிஷிங். ‘ஈத்தூண்டில்’ என்று தமிழாக்கினால் டீக்கடை வடைமேல் மொய்க்கும் ஈதான் நினைவுக்கு வருகிறது. மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து கிளம்பி, குட்டையில் விழுந்து, கெண்டைகளை வெறிபிடிக்க வைக்கிறதே ஈசல், அதுதான் இந்த வித்தையின் உயிர். எங்கள் வீட்டில் இதற்கு ‘ஈசல் தூண்டில்’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

இதன் விடை ஒரு தலைகீழ் யோசனை. எறியப்படும் பொருளுக்குக் கனம் இல்லையா? சரி, கயிற்றுக்குக் கனம் கொடு. கயிற்றை எறி. பஞ்சு அதன் நுனியில் சும்மா உட்கார்ந்து போகட்டும்.

எவ்வளவு கனம்? இதற்கு ஓர் அளவுமுறை இருக்கிறது. கயிற்றின் முதல் 30 அடியை நிறுத்து, அந்த எடைக்கேற்ப எண் கொடுக்கிறார்கள். எடையைச் சொல்லும் அலகு கிரெயின், அதாவது தானியமணி; இரண்டு கிரெயின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு குன்றிமணி. 4 எண் கயிறு என்றால் 120 கிரெயின், சுமார் 7.8 கிராம். 5 எண் என்றால் 140 கிரெயின், சுமார் 9 கிராம். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் 4 எண் கயிறு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, 5 எண் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு பவுன் தங்கத்தை முப்பது அடி நீளத்துக்கு இழுத்துப் பரப்பினால் எப்படியோ, அந்தப் பாரம்தான் நீங்கள் காற்றில் வீசுவது. ‘வீச்சுக்கயிறு’ என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் புதிர் இன்னும் தீரவில்லை. ஒரு தாம்புக்கயிற்றைச் சுருட்டி எறிந்தால் அது நேராகப் போகிறதா? நடுவழியில் குலைந்து விழுகிறது. வீச்சுக்கயிறு மட்டும் எப்படிக் கடைசி அங்குலம் வரை விரிந்து போகிறது?

இதைப் புரியவைக்க நான் தூண்டிலைத் தொடவில்லை. ஒரு நாய்ச்சங்கிலியை எடுத்தேன். மூன்று அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மறுமுனையைத் தூக்கி, கட்டிய முனைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டேன். சங்கிலி நடுவில் மடிந்து தொங்குகிறது. கையிலுள்ள முனையோடு சேர்த்து ஒரு கோலியையும் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் கீழே போகும்? இரண்டும் சேர்ந்துதான் போகும் என்றான் பையன். பள்ளிப் பாடம் அவன் பக்கம் இருக்கிறது: கனம் எதுவானாலும் விழும் வேகம் ஒன்றே. செல்போனை ஸ்லோமோஷனில் வைத்துப் படம் பிடித்தோம். சங்கிலி முனை முந்திவிட்டது. அது அடியை எட்டிய நேரத்தில் கோலி ஒரு சாணுக்கும் மேலே அந்தரத்தில் இருந்தது. பையன் அதை ஏழு தடவை போட்டுப் பார்த்தான். கோலி ஏமாற்றுகிறதோ என்று வேறு கோலி மாற்றினான்.

தடையில்லாமல் விழும் கல்லைவிட ஒரு பொருள் வேகமாக விழுகிறது! இயற்பியலாளர்கள் இதைக் கணக்கிட்டும், சங்கிலிகளைப் படம் பிடித்தும் உறுதிசெய்திருக்கிறார்கள். கணக்கின்படி, கல் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடச் சங்கிலி முனைக்குச் சுமார் 15 சதவீதம் குறைவாகவே ஆகிறது. காரணம் அந்த மடிப்பு. சங்கிலி விழ விழ, ஒவ்வொரு கண்ணியாக மடிப்பைச் சுற்றி வந்து, கட்டிய பக்கத்தில் சேர்ந்து நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பகுதி குறைந்துகொண்டே போகிறது. ஆனால் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் அவ்வளவும் மிச்சமிருக்கும் கொஞ்சம் கண்ணிகளிடம் வந்து சேர்கிறது. பூர்வீகச் சொத்தில் பங்காளிகள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டால் கடைசியில் நிற்பவர் கையில் என்ன இருக்கும்? அதேதான்.

அதே விஷயம் படுக்கைவாட்டில் நடந்தால் சாட்டை. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது கயிற்றில் ஒரு மடிப்பு ஓடுகிறது. போகப் போகச் சாட்டையும் மெலிகிறது. ஆக, பங்காளிகளும் குறைகிறார்கள், இருக்கிறவர்களும் ஒல்லியாகிறார்கள். ‘படீர்’ என்ற சத்தம் தோல் தோல்மேல் அடித்து வருவதில்லை. ஒலியையே முந்திவிட்ட ஒன்று காற்றில் எழுப்பும் அதிர்வலை அது. 1905இல் ஓட்டோ லும்மர் என்ற ஜெர்மானியர் இதை ஊகமாகச் சொன்னார். 1998இல் பீட்டர் கிரெல் குழுவினர் அதிவேகக் கேமரா வைத்துச் சாட்டை நுனியின் வேகத்தையும் அதிர்வலையையும் சேர்த்துப் பிடித்தபோது ஒரு சங்கடம் வந்தது: சத்தம் கிளம்பும் நேரத்தில் நுனி ஒலியைப்போல் சுமார் இரு மடங்கு வேகத்தில் இருந்தது. நுனிதான் சத்தம் போடுகிறது என்றால், ஒலியின் வேகத்தைத் தாண்டிய கணத்திலேயே அல்லவா போட்டிருக்க வேண்டும்? அரிசோனா பல்கலைக்கழகத்தின் அலன் கோரியலி, டைலர் மெக்மில்லன் இருவரும் 2002இல் இதற்கு விடை சொன்னார்கள். ஒலியின் வேகத்தை எட்டி அதிர்வலையைக் கிளப்புவது அந்த மடிப்பு. அப்போது நுனி அதன் இரு மடங்கில் போய்க்கொண்டிருக்கும்.

வீச்சுக்கயிறு சாத்வீகமான சாட்டை. அதிலும் ஒரு மடிப்பு ஓடுகிறது. அதிலும் கயிறு நுனியை நோக்கி மெலிகிறது. மடிப்பின் அடிக்கால் தூண்டிற்கோலின் நுனியோடு நிற்கிறது, மேற்கால் பறக்கிறது. பறக்கும் நீளம் குறையக் குறைய வேகம் ஏற வேண்டும்; ஆனால் பருமனான, கனம் குறைந்த கயிறு என்பதால் காற்று அந்த ஆற்றலைக் கூடவே தின்றுகொண்டு வருகிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிப் போவதால்தான் கயிறு கடைசிவரை விரிந்து, இறகுப்பூச்சி பூ மாதிரி தண்ணீரில் உட்காருகிறது. கிரெய்க் ஸ்போலெக் 1986இல் காற்றுத் தடையையும் சேர்த்து இந்த வரவு செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணினியில் கயிற்றை ஓடவிட்டும் பார்த்தார்கள். மீன் பிடிக்கும் விஷயத்துக்கு இவ்வளவா என்றால், பொழுதுபோக்குக்குக் கணக்குப் போடுவதில் ஒரு தனி சுகம் இருக்கத்தான் செய்கிறது.

இவ்வளவும் புரிந்தால் சாமான் வாங்குவது சுலபம். கடைக்குப் போகிறவர்கள் முதலில் கோலைத்தான் எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். நான் கயிற்றிலிருந்து தொடங்குவேன், எறிவது அதைத்தானே. குழந்தைகளோடு தொடங்க 4 அல்லது 5 எண். அட்டைப்பெட்டியில் ‘டபிள்யூ எஃப் 5 எஃப்’ என்று மந்திரம் மாதிரி போட்டிருப்பார்கள். முதல் இரண்டெழுத்து, பாரம் முன்பக்கம் கூட்டப்பட்டது என்பதற்கு. கடைசி எழுத்து மிதக்கும் என்பதற்கு. ஒரு காலத்தில் இது பட்டுக்கயிறு. எண்ணெய் பூசி, ஒவ்வொரு நாளும் காயவைத்துப் பாதுகாக்க வேண்டியிருந்தது. இப்போது பின்னிய நூலின் மேல் பிவிசி பூச்சு. மிதப்பதற்காக அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்கள். கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையால் இதைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். ஏரிக்கரைக் கொசுவுக்கு நடுவே இது கொஞ்சம் கொடுமையான நிபந்தனைதான்.

கயிற்றின் எண் எதுவோ அதுவே கோலின் எண்ணாகவும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒன்பது அடி. பிள்ளைகளுக்கு ஏழரை, எட்டு அடி போதும். எதில் செய்த கோல் என்பதில் எனக்கு ஒரு பட்சபாதம் உண்டு. கடைக்காரர் கார்பன் இழைக் கோலைத்தான் நீட்டுவார். 1970களில் சந்தைக்கு வந்து மற்றதையெல்லாம் ஓரங்கட்டியது அது. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் பிள்ளைகளுக்கு நான் கண்ணாடியிழைக் கோலைத்தான் சொல்வேன். அது மெதுவாக வளைந்து மெதுவாக நிமிர்கிறது. கயிறு பின்னால் போய் இழுக்கும் கணம் சிறு கைக்கும் தெரிகிறது. சுவரில் இடித்தாலும் சட்டென்று உடையாது. இன்னொரு முக்கியமான காரணம்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் மின்கம்பி போகாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலைக்கு மேல் கம்பி தெரிந்தால் எந்தக் கோலையும் நீட்டாதீர்கள். கோல் கண்ணாடியிழை என்றாலும், நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்திவிடும்.

கார்பனுக்கும் கண்ணாடிக்கும் முன்னால் மூங்கில். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிக் கோல் செய்தார்கள். அதற்கு அவர்கள் நாடியது இந்தியாவிலிருந்து போன மூங்கில். பெயரே ‘கல்கத்தா மூங்கில்’. பிறகு சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

ரீல் பற்றிப் பேச அதிகம் இல்லை. சின்ன மீனுக்கு அது வெறும் நூல்கண்டு, மலிவானதே போதும். அதுகூட வேண்டாம் என்றால் ஜப்பானிய மலையோடைக்காரர்களின் தென்காரா முறை இருக்கிறது: நீளக் கோல், நுனியிலேயே கட்டிய லேசான கயிறு, அதன் நுனியில் இறகுப்பூச்சி. நம் மூங்கில் தூண்டிலின் ஒன்றுவிட்ட தம்பி.

கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே ஏழெட்டு அடிக்கு மெலிந்துகொண்டே போகும் நுனி நரம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். சாட்டையின் வால் அது. சிக்கனம் பார்த்து ஒரே தடிமன் தங்கூசியைக் கட்டினேன். மடிப்பு அங்கே வந்ததும் சுருண்டு குப்பையாக விழுந்தது.

இனி மைதானம். முதல் நாள் முள்ளே கிடையாது. முள்ளுக்குப் பதில் சிவப்பு உல்லன் நூலில் ஒரு குஞ்சம். தொப்பி, கண்ணாடி கட்டாயம். காற்று எழும்பும் முன், காலை ஏழு மணிக்குள். மூங்கில் பிளாச்சில் நாலடி வெட்டி, நுனியில் பன்னிரண்டு அடி தடித்த உல்லன் நூலைக் கட்டினால் மழை நாளில் கூடத்துக்குள்ளேயே பழகலாம்; மடிப்பு அதிலும் அழகாக ஓடும்.

நான் கற்றுக்கொடுத்தது மூன்றே விஷயம். அதில் இரண்டை அவர்கள் ஏற்கெனவே வேறு பெயரில் அறிந்திருந்தார்கள். காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரை அம்மா எப்படி உதறுவாள்? வேகமாகக் கொண்டுவந்து சட்டென்று நிறுத்துவாள். நிறுத்துவதில்தான் வித்தை. கை நிற்கும், பாதரசம் நிற்காது. கோலும் அப்படித்தான்: மெல்லத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்து. கோல் நுனி நின்றுவிடும், கயிறு அதைத் தாண்டி ஓடும். அங்கே பிறக்கிறது மடிப்பு. கோல் வில்லைப் போல நிமிர்ந்துதான் கயிற்றை எறிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வில்லுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு நெம்புகோலுக்குத்தான். குட்டையான கையை ஒன்பது அடிக் கையாக்குகிறது அது.

இரண்டாவது, கோல் நுனி நேர்க்கோட்டில் போக வேண்டும். விசிறி மாதிரி வீசினால் மடிப்பு அகலமாகி, காற்று அதைத் தின்றுவிடும். சுண்ணாம்புக் கோடு போட்டு, கோலைப் பக்கவாட்டில் தரைக்கு இணையாகப் பிடித்து வீசச் சொன்னேன். மடிப்பு தரையில் படம் வரைந்த மாதிரி தெரிந்தது. “அப்பா, பாம்பு சட்டையைக் கழட்டுது பாருங்க!” என்றாள் மகள். இதைவிட நல்ல வர்ணனையை நான் படித்ததில்லை.

மூன்றாவதுதான் கஷ்டம்: பின்னால் வீசியபின் காத்திருப்பது. கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதும் விரிந்தபிறகுதான் முன்னே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு பாதி வழியில் திரும்பி, வீச்சுக்கயிறு நிஜச் சாட்டையாகிவிடும். ‘படீர்’ என்று சத்தம், நுனியில் இருந்த குஞ்சத்தைக் காணோம். பையன் ஒரே காலையில் ஐந்து குஞ்சம் பறிகொடுத்தான். எவ்வளவு நேரம் காத்திருப்பது? விநாடிக் கணக்கு பிள்ளைகளுக்கு உதவாது. நமக்கு வேறோர் அளவு இருக்கிறதே: இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம், அதாவது மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டோம். கயிறு குட்டையாக இருந்தால் பின்வீச்சுக்குப் பிறகு மனசுக்குள் ‘செஞ்சி’: இரண்டரை மாத்திரை. இன்னும் கொஞ்சம் விட்டால் ‘திண்டிவனம்’: ஐந்து. இன்னும் நீளமென்றால் ‘விக்கிரவாண்டி’: ஏழு. ‘விழுப்புரம்’ என்று சொல்லக் கூடாதா என்று மகள் கோபித்துக்கொண்டாள். கூட்டிப் பார்த்தால் அதுவும் ஐந்து; இரண்டு ஊரும் சமம். வழக்குத் தீர்ந்தது.

திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் பின்னால் பழகியபோது வேறொரு பாடம். புளியங்காடு என்று பொருள் சொல்லப்படும் ஊரில், பின்வீச்சுக்கு இடம் பார்க்காமல் புளியமரத்தடியில் நின்றது என் தப்பு. பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். மரத்தில் கயிற்றை மாட்டியவனும் நானே.

தண்ணீருக்குப் போனது ஐந்தாவது வாரம்தான். டிரவுட் வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும்; சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியால் அங்கே நிலைபெற்ற மீன் அது. நம் பக்கம் கெண்டையும் விராலும் ஜிலேபியும். சென்னை மாகாண அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887இல் இந்திய ஏரி குளத் தூண்டிலுக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதற்கெல்லாம் வெகுமுன்பே பெரும்பாணாற்றுப்படையில் மூங்கில் தூண்டில், இரும்பு முள், இரை கவ்விய வாளை எல்லாம் வந்துவிட்டன. அது நிஜ இரை. பொய்ப்பூச்சிக்கு ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் சாட்சி: சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, இறகு கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் பூச்சி, மயில் உதிர்த்த பீலியில் நாலு இழை, பழுப்பு நூல், ஈசல் அளவு. முள்ளின் உட்பக்கம் எதிர்த்து நிற்கும் சிறுமுள்ளைக் குறடால் நசுக்கியிருந்தோம். மீனுக்கும் நல்லது, பிள்ளைகளின் காதுக்கும் நல்லது. ஏரிகளில் மீன் குத்தகை உண்டென்பதால் கேட்டுக்கொண்டு போனோம்.

வீடூர்க் கரையில் மாவுருண்டைத் தூண்டிலோடு ஒரு பெரியவர். பிள்ளைகள் வீசுவதை அரைமணி நேரம் பார்த்தார். எங்கள் கணக்கில் விரல் நீளக் கெண்டை இரண்டு. அவர் வாளியில் ஜிலேபி எண்ண முடியவில்லை. “இன்னா தம்பி இது, மீன் புடிக்கிறீங்களா, சாட்டை சுத்துறீங்களா?” என்றார். ரெண்டும்தான் ஐயா என்றேன். கோலை வாங்கி, ஈயம் எறியும் பழக்கத்தில் முழுக்கையால் ஓங்கி வீசினார். கயிறு அவர் காலடியிலேயே நூடுல்ஸ் மாதிரி கொட்டியது.

“தாத்தா, பின்னாடி போனதும் திண்டிவனம்னு சொல்லிட்டு அப்புறம் வீசுங்க” என்றாள் மகள்.

பெரியவர் காலடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பாதியை இழுத்து ரீலில் சுற்றினார். மிச்சம் இருபதடிகூட இருக்காது.

“இவ்ளோ கயித்துக்குத் திண்டிவனம் எதுக்கு கண்ணு? செஞ்சி போதும்” என்று கோலைப் பின்னால் எடுத்தார்.